வெப்பத்துக்கு வேலி கிடையாது

மின்சாரத்தை அளப்பவர்களுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. தாமிரக் கம்பிக்கு மேலே பிளாஸ்டிக் உறையைப் போட்டுவிட்டால் மின்னோட்டம் கம்பிக்குள்ளேயே ஓடும். வெளியே கசிவதைப் பற்றிப் பெரும்பாலும் யோசிக்கவே வேண்டாம். நல்ல கடத்திக்கும் நல்ல காப்பானுக்கும் நடுவே மின்கடத்தலில் இருபது இலக்கங்களுக்கு மேல் இடைவெளி இருப்பதால் கிடைக்கும் வசதி இது.

வெப்பத்தில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. மீட்டர்-கெல்வினுக்கு இத்தனை வாட் என்ற அலகில் சொன்னால், வைரத்தின் வெப்பக் கடத்துதிறன் 2,000-ஐ ஒட்டி வரும். தாமிரம் 400, சிலிக்கான் 148. உருக்கிய சிலிக்காக் கண்ணாடி 1.4, தண்ணீர் 0.6, அசையாமல் நிற்கும் காற்று 0.026. நமக்குத் தெரிந்த திடப்பொருள்களில் மிக மோசமான கடத்திகளில் ஒன்றான சிலிக்கா ஏரோஜெல் 0.015-க்கு அருகில். அதாவது அறை வெப்பநிலையில் நாம் புழங்கும் பொருள்கள் எல்லாமே ஏறக்குறைய ஐந்து இலக்கங்களுக்குள் அடங்கிவிடுகின்றன. வெப்பத்தை ஒரு பாதையில் மட்டும் போகச் சொல்லிக் கட்டாயப்படுத்தும் உறை என்று எதுவும் கிடையாது. பக்கவாட்டில் போகும், தாங்கியிருக்கும் கம்பி வழியாகப் போகும், காற்றோடு போகும். வெற்றிடத்தில் வைத்தாலும் கதிர்வீச்சாகக் கிளம்பிப் போய்விடும்.

நான் பல வருடங்களாகச் செய்துவரும் வேலை இதைச் சுற்றித்தான்: ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவான தடிப்புள்ள படலங்கள், உள்ளே பாதிக்கு மேல் வெறும் துளைகளாக இருக்கும் பொருள்கள் ஆகியவற்றின் வழியே வெப்பம் எவ்வளவு போகிறது என்று அளப்பது. இந்தத் துறையில் நடந்த நல்ல காரியங்கள் பலவற்றுக்கும் அடியில் ஒரே யோசனை இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. வெப்பம் எந்தப் பக்கம் போகும் என்பதை நம்மால் கட்டுப்படுத்த முடியாது. எவ்வளவு தூரம் போகும் என்பதைக் கட்டுப்படுத்த முடியும். அந்த யோசனையைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

பி.எஸ்சி. இயற்பியல் படித்தவர்கள் லீ தட்டுப் பரிசோதனையை மறந்திருக்க மாட்டார்கள். மூன்று நூல்களில் தொங்கும் பித்தளைத் தட்டு, அதன் மேல் அட்டையோ எபோனைட்டோ, அதற்கு மேல் நீராவி அறை. இரண்டு வெப்பமானிகளும் நகராமல் நிற்கும் வரை காத்திருந்து, அப்புறம் அட்டையை எடுத்துவிட்டுப் பித்தளைத் தட்டைத் தனியே சூடாக்கி, அது ஆறுவதை அரை நிமிடத்துக்கு ஒருமுறை குறித்து வரைபடம் போடுவோம். 1898-இல் சார்லஸ் லீஸ் வெளியிட்ட முறையிலிருந்து வந்தது. அதை வெறும் செய்முறைத் தேர்வுச் சடங்காகப் பார்த்துவிடுகிறோம் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. உள்ளே நல்ல சிந்தனை இருக்கிறது. மாதிரியை அகலமாகவும் ஒல்லியாகவும் வெட்டினால் விளிம்பு வழியாகப் போகும் வெப்பம் சொற்பமாகிவிடும். கீழ்த்தட்டு ஆறும் வேகத்திலிருந்து, மாதிரியைக் கடந்து வந்த வெப்பம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். வெப்பம் போகும் வழியை அடைக்க முடியாதபோது, போனது எவ்வளவு என்று கணக்கு வைத்துக்கொள்ளும் முறை அது.

மாதிரி ஒல்லியாக இருந்தால் நல்லது என்றால், 200 நானோமீட்டர் படலம் இன்னும் நல்லதுதானே? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சதுர சென்டிமீட்டர் சிலிக்காப் படலம், தடிப்பு 200 நானோமீட்டர். அதன் இரு முகங்களுக்கும் நடுவே ஒரே ஒரு கெல்வின் வித்தியாசம் உண்டாக்க ஏறக்குறைய 700 வாட் வேண்டும். வீட்டு இஸ்திரிப் பெட்டியின் முழுச் சூட்டையும் விரல் நகம் அளவுள்ள இடத்தில் இறக்குகிற மாதிரி. சரி, அதையும் எப்படியோ செய்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். படலத்தைத் தட்டோடு ஒட்ட வைக்கும் பசையின் வெப்பத் தடை, படலத்தின் தடையைப் போலப் பல பத்து மடங்கு இருக்கும். நாம் அளந்தது படலத்தையா, பசையையா என்று யாராலும் சொல்ல முடியாது. தொட்டு அளக்கும் எந்த முறையும் இங்கே வந்து நின்றுவிடுகிறது.

வழி வேறு திசையிலிருந்து வந்தது. அதன் வேர் மண்ணில் இருக்கிறது, நிஜமான மண்ணில்.

தரையின் மேற்பரப்பு பகலில் சூடாகி இரவில் ஆறுகிறது. அந்த ஏற்ற இறக்கம் மண்ணுக்குள் ஓர் அலையாக இறங்கும். சாதாரண மண்ணில் நாளுக்கு ஒருமுறை வரும் அலை பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் ஆழத்துக்குள் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். ஆண்டுக்கு ஒருமுறை வரும் கோடை-குளிர் அலைக்கு அதே சுருக்கம் இரண்டு மீட்டருக்குக் கீழேதான் நடக்கும். மண் ஒன்றுதான், ஊசல் மெதுவாக இருந்தால் ஆழமாகப் போகிறது, வேகமாக இருந்தால் மேலேயே நின்றுவிடுகிறது. ஃபூரியே தன் சமன்பாட்டிலிருந்தே இதைக் காட்டினார். 1822-இல் வந்த அவருடைய நூலில் பூமியின் வெப்பம் ஒரு முக்கியமான கவலை. 1837 முதல் ஜேம்ஸ் ஃபோர்ப்ஸ் எடின்பரோவின் கால்டன் குன்றில் 3, 6, 12, 24 பிரெஞ்சு அடி ஆழங்களில் வெப்பமானிகளைப் புதைத்து வைத்துப் பார்த்தார். 24 அடி ஆழத்துக்குக் கோடையின் உச்சம் போய்ச் சேரும்போது மேலே குளிர்காலம் நடந்துகொண்டிருந்தது. அந்த அளவீடுகளிலிருந்து பாறையின் வெப்பக் கடத்துதிறனைக் கெல்வின் பிரபு கணக்கிட்டு எடுத்தார். 1861-இல் உப்சாலாவில் ஆங்ஸ்ட்ரோம் இதே வித்தையை ஆய்வகத்துக்குள் கொண்டுவந்தார். ஓர் உலோகத் தண்டின் முனையை மாறி மாறிச் சூடாக்கிக் குளிரவைத்து, அலை எவ்வளவு சுருங்குகிறது, எவ்வளவு தாமதிக்கிறது என்று பார்த்தார்.

இந்த அலைக்கு ஒரு பெரிய குணம் உண்டு. அது போய்ச் சேராத இடத்தில் என்ன இருக்கிறது என்பது அளவீட்டைப் பாதிக்காது. மாதிரியின் அடியில் என்ன ஒட்டியிருக்கிறது, ஓரத்தில் என்ன கசிகிறது என்ற கேள்விகள் எல்லாம், அலை அங்கே எட்டாத வரை, அர்த்தமிழந்துவிடும். அலைவெண்ணைக் கூட்டினால் ஆழம் குறையும். கண்ணாடியில் 1 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் உண்டாக்கும் அலை கால் மில்லிமீட்டருக்கு இறங்கும். 1,000 ஹெர்ட்ஸில் 8 மைக்ரோமீட்டர்தான். ஒரு திருகைத் திருப்பினால் மாதிரியின் தடிப்பையே மாற்றியது போல ஆகிவிடுகிறது.

மிச்சம் இருந்தது, அத்தனை சின்ன இடத்தில் வெப்பத்தைக் கொடுப்பதும் வெப்பநிலையை அளப்பதும் எப்படி என்பது. 1910-இல் இத்தாலிய இயற்பியலாளர் ஓர்சோ மாரியோ கோர்பினோ மின்விளக்கு இழைகளை ஆராய்ந்தபோது அதற்கான வழி தெரிந்தது. இழையில் மாறுதிசை மின்னோட்டம் ஓடும்போது அதன் சூடு மின்னோட்டத்தின் இரு மடங்கு அலைவெண்ணில் ஊசலாடும். மின்னோட்டம் எந்தத் திசையில் ஓடினாலும் இழை சூடாகத்தான் செய்கிறது, ஆகவே ஒரு சுற்றுக்கு இரண்டு முறை. சூடு ஊசலாடினால் மின்தடையும் அதே கதியில் ஊசலாடும். ஒரு மடங்கில் ஆடும் மின்னோட்டத்தை இரு மடங்கில் ஆடும் மின்தடையோடு பெருக்கினால், மும்மடங்கு அலைவெண்ணில் ஒரு சிறு மின்னழுத்தம் பிறக்கும். அந்தச் சிறு மின்னழுத்தம்தான் இழையின் வெப்பநிலையைச் சொல்கிறது. சூடாக்கியும் வெப்பமானியும் ஒரே கம்பி.

(கம்பியைச் சூடாக்கி, அதைக் கொண்டே அளப்பதில் தமிழர் ஒருவருக்கும் இடம் உண்டு. வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன், தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநராக இருந்த காலத்தில், வெற்றிடத்தில் மின்சாரத்தால் சூடாகும் மெல்லிய தண்டின் நீளவாக்கில் வெப்பநிலை எப்படி மாறுகிறது என்று எஸ்.சி. ஜெயினோடு சேர்ந்து 1950-களில் தொடர் கட்டுரைகள் எழுதினார். உயர் வெப்பநிலையில் கடத்துதிறனைக் கண்டுபிடிக்க அது உதவியது. ராமன் விளைவின் பேச்சில் இந்த வேலை மறைந்தே போய்விட்டது. கிருஷ்ணனைப் பற்றி எழுதுகிறவர்கள் இதையும் சேர்த்து எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.)

கோர்பினோவின் யோசனை திடப்பொருள்களின் கடத்துதிறனை அளக்கும் கருவியாக முழு வடிவம் பெற்றது 1980-களின் பிற்பாதியில். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் போல் குழுவில் கண்ணாடிகளின் வெப்பக் கடத்தலை ஆராய்ந்துகொண்டிருந்தார் டேவிட் காஹில். அறை வெப்பநிலைக்கு மேலே போனால் பழைய முறைகள் கதிர்வீச்சால் கெட்டுப்போகும். மாதிரியின் பக்கங்களிலிருந்து கதிர்வீச்சாகக் கிளம்பும் வெப்பம், மாதிரி வழியாகப் போகும் வெப்பத்தோடு போட்டி போடும். கண்ணாடியின் மேல் ஒரு மெல்லிய உலோகக் கோட்டை வரைந்து அதில் மாறுதிசை மின்னோட்டத்தை அனுப்பினால், வெப்ப அலை சில பத்து மைக்ரோமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. சூடான பரப்பு அவ்வளவு சிறியதாக இருக்கும்போது கதிர்வீச்சு ஒரு பொருட்டே இல்லை. 1987-இல் போலோடு சேர்ந்து கண்ணாடிகளை அளந்த கட்டுரை வந்தது. 1990-இல் அவர் எழுதிய, 30 முதல் 750 கெல்வின் வரை அளக்க வழிசொல்லும் கட்டுரைதான் இன்றும் இந்த வேலைக்கு வரும் மாணவர்கள் முதலில் படிப்பது. 3-ஒமேகா முறை என்று இதற்குப் பெயர்; ஒமேகா என்பது அலைவெண்ணின் குறியீடு, 3 அந்த மும்மடங்கு.

செய்முறையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். வேஃபர் எனப்படும் மெல்லிய வட்டத் தகட்டின் மேல் தங்கத்தாலோ அலுமினியத்தாலோ ஒரு கோடு, அகலம் 20 மைக்ரோமீட்டர், நீளம் ஒரு மில்லிமீட்டர் அல்லது கொஞ்சம் கூட. நான்கு கால்கள், ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு சதுரத் திட்டு. வெளிக்கால்கள் இரண்டும் மின்னோட்டத்துக்கு, உள்கால்கள் இரண்டும் மின்னழுத்தத்துக்கு. கோடு ஒரு கெல்வின் ஊசலாடினால், மும்மடங்கு மின்னழுத்தம் மூல மின்னழுத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கும். அந்த ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் மற்ற தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஒன்பதையும் கழிக்க வேண்டும். கோட்டோடு தொடரில் ஒரு மாறும் மின்தடையை வைத்து, இரண்டின் மின்னழுத்தங்களையும் ஒன்றிலிருந்து ஒன்று கழிப்போம். மாறும் தடையைத் திருகிக்கொண்டே வரும்போது திரையில் மூல அலை சுருங்கிச் சுருங்கி ஏறக்குறைய காணாமல் போகும். அப்போது லாக்-இன் ஆம்ப்ளிஃபையரை, அதாவது நாம் சொல்லும் ஓர் அலைவெண்ணை மட்டும் பிரித்து அளக்கும் கருவியை, மும்மடங்குக்கு மாற்றினால், எண் ஆடாமல் அசையாமல் நிற்கும். அந்த நேரத்தில் ஒரு சந்தோஷம் வரும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அது குறைந்ததில்லை.

நின்ற எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது. மின்னோட்டம் தரும் கருவியே கொஞ்சம் மும்மடங்கு அலையைக் கலந்து அனுப்பக்கூடும். சோதிக்க எளிய வழி உண்டு. மின்னோட்டத்தை இரு மடங்காக்கினால் நிஜமான மும்மடங்கு மின்னழுத்தம் எட்டு மடங்காக வேண்டும்: சூடு மின்னோட்டத்தின் இருபடியில் ஏறுகிறது, அதை மறுபடியும் மின்னோட்டத்தால் பெருக்குகிறோம், ஆக முப்படி. எட்டு வராவிட்டால் கருவியைச் சரிபார்த்த பிறகுதான் மேலே போக வேண்டும். புதிதாக வரும் மாணவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

பிறகு அலைவெண்ணை மாற்றிக்கொண்டே போய், கோட்டின் வெப்பநிலை ஊசலை அலைவெண்ணின் மடக்கைக்கு எதிரே வரைந்தால் ஒரு நேர்க்கோடு கிடைக்கும். அதன் சாய்வு ஒன்றே போதும், அடியில் உள்ள பொருளின் கடத்துதிறன் வந்துவிடும். கோட்டின் அகலம்கூட அந்தச் சாய்வுக்குள் வருவதில்லை. அளவீட்டுக் கலையில் இவ்வளவு நேர்த்தியான இடங்கள் குறைவு.

இப்போது படலம். சிலிக்கான் வேஃபருக்கு மேல் 200 நானோமீட்டர் சிலிக்கா, அதன் மேல் நம் கோடு, 10 மில்லிவாட் சூடு. 1,000 ஹெர்ட்ஸில் அடியில் உள்ள சிலிக்கான் மட்டும் கோட்டின் வெப்பநிலையை 0.07 கெல்வின் அளவுக்கு ஆட்டும். சிலிக்கான் நல்ல கடத்தி என்பதால் அவ்வளவு குறைவு. நடுவில் உள்ள சிலிக்காப் படலம் இன்னொரு 0.07 கெல்வினைச் சேர்க்கும். அலை படலத்தை விட மிக மிக நீளமானது என்பதால், படலம் சேர்க்கும் பங்கு அலைவெண்ணைப் பொறுத்து மாறாது. நேர்க்கோடு சாய்வு மாறாமல் மேலே தூக்கப்படும், அவ்வளவுதான். எவ்வளவு தூக்கப்பட்டது என்று பார்த்தால் படலத்தின் தடை தெரிந்துவிடும். லீ தட்டில் 700 வாட் கேட்ட வேலையை இங்கே நூற்றில் ஒரு வாட் செய்து முடிக்கிறது. பசையும் கிடையாது, உலோகம் படலத்தின் மேலேயே படிந்திருக்கிறது.

ஆனால் பசை போனாலும் இடைமுகம் போகவில்லை. இரண்டு பொருள்கள் அணுவுக்கு அணு ஒட்டியிருந்தாலும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வெப்பம் தாண்டும்போது ஒரு சின்ன வெப்பநிலைப் படி இருக்கும். 1941-இல் பியோத்தர் கபிட்சா திரவ ஹீலியத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே இதைக் கண்டார். அறை வெப்பநிலையில் திடப்பொருள்களுக்கு நடுவே இந்தத் தடை பத்து இருபது நானோமீட்டர் சிலிக்காவுக்குச் சமம். ஒரு மில்லிமீட்டர் கண்ணாடியில் இதை யாரும் கவனிக்க மாட்டார்கள். 200 நானோமீட்டர் படலத்தில் பத்துச் சதவீதம், 20 நானோமீட்டர் படலத்தில் ஏறக்குறைய பாதி. ஆகவே ஒரே ஒரு தடிப்பில் அளந்துவிட்டு, இதுதான் இந்தப் படலத்தின் கடத்துதிறன் என்று அச்சிட்டால் நான் அதை ஏற்க மாட்டேன். மூன்று நான்கு தடிப்புகளில் அளந்து, தடிப்பு பூஜ்யமாகும்போது மிஞ்சும் தடை எவ்வளவு என்று காட்ட வேண்டும்.

படிகப் படலங்களில் இன்னொரு சங்கதி. சிலிக்கானில் வெப்பத்தைச் சுமப்பவை அணிக்கோவை அதிர்வுகள், ஃபோனான்கள். அவற்றில் கணிசமானவை ஒரு மைக்ரோமீட்டருக்கும் மேல் மோதாமல் ஓடக்கூடியவை. படலம் 100 நானோமீட்டர்தான் என்றால் அவை ஓடி முடிக்கும் முன்பே சுவரில் மோதிவிடும். அத்தகைய படலத்தின் நீளவாக்குக் கடத்துதிறன் 148-இல் பாதி அளவுக்கோ அதற்கும் கீழோ இறங்கிவிடுகிறது. கையேட்டில் உள்ள 148 அங்கே செல்லாது. கண்ணாடியில் இந்தத் தொல்லை மிகக் குறைவு, அதிர்வுகள் அணு இடைவெளி அளவிலேயே சிதறிவிடுவதால்.

நுண்துளைப் படலங்களுக்கு வருவோம். என் மனசுக்கு நெருக்கமான பகுதி இது.

1997 செப்டம்பரில் ஐபிஎம் சிப்புகளுக்குள் அலுமினியத்துக்குப் பதில் தாமிர இணைப்புகளைக் கொண்டுவருவதாக அறிவித்தது. கம்பியின் தடை குறைந்தது, சரி. கம்பிகளுக்கு நடுவே உள்ள காப்புப் பொருளின் மின்தேக்கத்தையும் குறைக்க வேண்டுமே. அந்த மின்தேக்கத்தைத் தீர்மானிப்பது பொருளின் மின்காப்பு மாறிலி. சிலிக்காவுக்கு அது 4-ஐ ஒட்டியது, காற்றினுடையது 1. ஆக, சிலிக்காவுக்குள் துளைகளைப் புகுத்தினால் எண் இறங்கும். உலகம் முழுக்க ஆய்வகங்கள் துளையுள்ள படலங்களைச் செய்யத் தொடங்கின. மின்சாரக் கணக்கில் லாபம்தான். ஆனால் அதே துளைகள் வெப்பத்தின் வழியையும் அடைத்தன. மின்காப்பு மாறிலி பாதியாகும் இடத்தில் வெப்பக் கடத்துதிறன் அதை விடப் பல மடங்கு விழுந்துவிடும். நம் 200 நானோமீட்டர் படலத்தின் கடத்துதிறன் 0.14 ஆகிவிட்டால், அது சேர்க்கும் 0.07 கெல்வின் 0.7 ஆகும். பல அடுக்குகளாகக் கம்பிகள் போகும் சிப்பில் ஒவ்வோர் அடுக்கும் இப்படிச் சேர்த்தால், மேலடுக்குக் கம்பியின் சூடு கீழே இறங்க வழியில்லாமல் தவிக்கும். இந்தப் படலங்களை அளக்க வேண்டிய அவசரம் அப்படித்தான் வந்தது.

அளக்கப் போனால், கோட்டை வரைவதே முதல் போராட்டம். உலோகக் கோட்டுக்கு வடிவம் கொடுக்க ஒளி பட்டால் மாறும் போட்டோ ரெசிஸ்ட் திரவத்தைப் பூச வேண்டும், பிறகு கரைப்பானில் கழுவ வேண்டும். துளைகள் உள்ள படலம் இரண்டையும் உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சிய படலம் நாம் அளக்க நினைத்த படலமாக இருக்காது. அதற்காகத் துளைகளின் மேல் துளையில்லாத சிலிக்காவோ சிலிக்கான் நைட்ரைடோ சில பத்து நானோமீட்டர் மூடியாகப் போடுவோம். மூடியின் தடையைத் தனியே அளந்து கழிக்க வேண்டும். மூடியில் ஒரு ஊசித்துளை இருந்து உலோகம் உள்ளே இறங்கினால் மின்னோட்டம் சிலிக்கானுக்குக் கசியும், அந்த மாதிரியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட வேண்டியதுதான்.

இன்னொரு எதிரி ஈரம். காற்றின் 0.026 எங்கே, தண்ணீரின் 0.6 எங்கே! இருபது மடங்குக்கு மேல். சிலிக்காவின் துளைச் சுவர்களுக்குத் தண்ணீர் மிகவும் பிடிக்கும். அறைக் காற்றிலிருந்தே உறிஞ்சும். நானோமீட்டர் அளவுத் துளைகளில் ஈரப்பதம் நூறு சதவீதத்தைத் தொடும் முன்பே நீர் திரவமாகத் தேங்கிவிடும். திறந்த அறையில் அளந்தால் வரும் எண்ணும், வெற்றிடத்தில் நூறு டிகிரிக்கு மேல் சூடேற்றி ஈரத்தை விரட்டிய பிறகு வரும் எண்ணும் வேறு வேறு. இரண்டுமே உண்மைதான், எந்த நிலைக்கு எது என்று சொல்லியாக வேண்டும். ஒரு கட்டுரையில் நுண்துளைப் பொருளின் கடத்துதிறனைப் பார்த்தால் என் கண் முதலில் தேடுவது இந்தக் குறிப்பைத்தான். பல கட்டுரைகளில் அது இருப்பதில்லை. இது சின்ன விஷயமில்லை. அந்த எண்ணை எடுத்து ஒருவர் சிப் வடிவமைப்பார், இன்னொருவர் குளிர்பதனப் பெட்டியின் சுவரைக் கணக்கிடுவார்.

ஈரமும் இல்லை, மூடியும் சரி என்றே வைப்போம். துளையின் அளவு தெரிந்தால் கடத்துதிறனைக் கணக்கிலேயே கண்டுபிடித்துவிட முடியாதா? மேக்ஸ்வெல் தந்த ஒரு சூத்திரம் உண்டு. பொருளுக்குள் தனித்தனி உருண்டைகளாக வெற்றுத் துளைகள் இருந்தால் மிச்சக் கடத்துதிறன் எவ்வளவு என்று சொல்லும். பாதி துளையென்றால் நாற்பது சதவீதம் மிஞ்சும். பத்தில் ஒன்பது பங்கு துளையென்றால் சிலிக்காவின் 1.4, ஏறக்குறைய 0.1 ஆகும். ஆனால் அந்த அளவு துளையுள்ள சிலிக்கா ஏரோஜெல்லை அளந்தால் 0.015 வருகிறது! சூத்திரம் சொல்வதில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான். சூத்திரம் நினைப்பது போல ஏரோஜெல் துளை விழுந்த கண்ணாடியாக இல்லை. சில நானோமீட்டர் பருமனுள்ள உருண்டைகள் ஒன்றையொன்று மெல்லிய கழுத்தில் தொட்டுக்கொண்டு சங்கிலியாக வளைந்து வளைந்து போகின்றன. வெப்பம் ஒவ்வொரு கழுத்திலும் நெருக்கிப் பிடித்துத்தான் போக வேண்டும், வழியும் சுற்று வழி. எத்தனை சதவீதம் துளை என்பதை விட, மிச்சமிருக்கும் திடப்பொருள் எப்படிக் கைகோத்து நிற்கிறது என்பதுதான் அங்கே எல்லாம். அதனால்தான் கணக்கு போதாமல் அளவீடு தேவைப்படுகிறது.

ஏரோஜெல்லை 1931-இல் உலகத்துக்குச் சொன்னவர் சாமுவேல் கிஸ்ட்லர். 1997-இல் செவ்வாயில் இறங்கிய சோஜர்னர் வண்டியின் மின்னணுப் பெட்டியைக் குளிரிலிருந்து காத்தது அதே வகைப் பொருள். அசையாத காற்றை விடவும் குறைவாகக் கடத்தும் திடப்பொருள் என்று கேட்டால் முதலில் நம்பவே தோன்றாது. உள்ளே இருப்பது காற்றுதானே, அது குறைந்தபட்சம் 0.026 கடத்துமே என்று கேட்பார்கள். சாதாரண அழுத்தத்தில் ஒரு காற்று மூலக்கூறு இன்னொன்றோடு மோதும் முன் சராசரியாக 70 நானோமீட்டர் ஓடும். ஏரோஜெல்லின் துளைகள் பெரும்பாலும் அதை விடச் சின்னவை. மூலக்கூறு இன்னொரு மூலக்கூறைச் சந்திக்கும் முன்பே சுவரில் மோதித் திரும்பிவிடுகிறது, வெப்பத்தை ஆளுக்காள் கைமாற்ற வழியில்லை. துளைக்குள் அடைபட்ட காற்று, வெளியில் உள்ள காற்றை விட மோசமான கடத்தி.

துளையே இல்லாமல் இந்த அளவுக்குப் போக முடியுமா என்றும் ஒரு கேள்வி இருந்தது. 2007-இல் இல்லினாய்ஸில் காஹிலின் குழுவும் ஆரிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களும் டங்ஸ்டன் டைசெலனைடை மெல்லிய தகடுகளாக, ஒன்றோடொன்று பொருந்தாமல் திருகி அடுக்கியது போன்ற படலத்தை அளந்தார்கள். அடுக்குகளுக்குக் குறுக்கே 0.05 வந்தது. துளையில்லாமல் முழுதாக அடைத்த ஒரு திடப்பொருள், காற்றைப் போல இரண்டு மடங்குதான் கடத்துகிறது. அதை அளந்தது லேசர் முறையில். அலுமினியப் படலத்தின் மேல் ஒரு பிக்கோ வினாடிக்கும் குறைந்த துடிப்பை அடித்துச் சூடாக்கி, இன்னொரு துடிப்பைத் தாமதித்து அனுப்பி, பிரதிபலிப்பு மாறுவதிலிருந்து வெப்பநிலை இறங்குவதைப் பார்க்கும் முறை. 1986-இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் பாடக்கும் ஈஸ்லியும் இதைப் படலங்களுக்குப் பயன்படுத்திக் காட்டினார்கள். தாமதம் உண்டாக்குவது ஒரு தண்டவாளத்தின் மேல் நகரும், ஒளியைத் திருப்பி அனுப்பும் ஆடி. அதை 15 சென்டிமீட்டர் பின்னால் தள்ளினால் ஒளி போய்வர ஒரு நானோ வினாடி கூடும். சூடாக்கும் துடிப்புகளின் வலிமையை 10 மெகாஹெர்ட்ஸில் ஏற்றி இறக்கினால் சிலிக்காவுக்குள் வெப்பம் 160 நானோமீட்டர்தான் இறங்கும். கால்டன் குன்றில் மீட்டர் கணக்கில் இறங்கிய அதே அலை. சமன்பாட்டில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

நுண்துளைப் பொருளில் இந்த முறை எப்போதும் கைகொடுக்காது. அலுமினியம் கண்ணாடி போலப் பளபளப்பாகப் படிய வேண்டும். சொரசொரப்பான பரப்பில் ஒளி சிதறிவிடும். அங்கே நான் இன்னும் 3-ஒமேகாவின் பக்கம்தான்.

கடந்த சில காலமாக என் ஆர்வம் முழுக்க வேறொரு பக்கம் திரும்பியிருக்கிறது. துளைக்குள் உள்ள காற்று தொல்லை என்று நினைத்து அதை உறிஞ்சி எடுத்துவிட்டு அளப்பதுதான் வழக்கம். அதற்குப் பதில், அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே அளந்தால்? அழுத்தம் குறையக் குறைய மூலக்கூறு மோதாமல் ஓடும் தூரம் நீளும். அந்தத் தூரம் துளையின் அளவை நெருங்கும்போது காற்றின் பங்கு விழத் தொடங்கும். 100 மைக்ரோமீட்டர் துளைகள் உள்ள நுரையில் காற்றின் பங்கு பாதியாக வேண்டுமானால் அழுத்தத்தை வளிமண்டலத்தின் ஏறக்குறைய நானூற்றில் ஒரு பாகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு மைக்ரோமீட்டர் துளை என்றால் கால் வளிமண்டலத்திலேயே பாதியாகிவிடும். 100 நானோமீட்டர் துளையில் நாம் பம்பை ஓட்டும் முன்பே அது பாதிக்கும் கீழே இருக்கும். ஆக, எந்த அழுத்தத்தில் விழுகிறது என்று பார்த்தால் துளையின் அளவு தெரியும். எவ்வளவு விழுகிறது என்பதிலிருந்து காற்றின் பங்கும், கடைசியில் மிஞ்சும் எண்ணிலிருந்து திடச் சங்கிலியின் பங்கும் தனித்தனியே வந்துவிடும். கதிர்வீச்சை மட்டும் வெப்பநிலையை மாற்றிப் பிரிக்க வேண்டும்.

காற்றுக்குப் பதில் ஹீலியத்தை விட்டால் இன்னும் நல்லது; அது காற்றை விட ஐந்தாறு மடங்கு நன்றாகக் கடத்தும், மோதாமல் ஓடும் தூரமும் நீளம். அதே மாதிரியை இரண்டு வாயுக்களிலும் அளந்தால் கிடைக்கும் இரண்டு வளைவுகளும் ஒரே துளை அளவைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், துளைகள் ஒரே அளவில் இல்லை, அல்லது சில துளைகளுக்குள் வாயு போகவே வழியில்லாமல் மூடிக் கிடக்கின்றன என்று அர்த்தம். இப்போது மேசையில் இருக்கும் மாதிரியில் இரண்டு வளைவுகளும் ஒத்துவரவில்லை. மூடிய துளைகள் என்றுதான் நினைக்கிறேன். அடுத்து அதை உடைத்துப் பொடியாக்கி, பொடியின் அடர்த்தியை ஹீலியத்தில் அளந்து பார்க்க வேண்டும்.